முதல் படகு: பிளைவுட்டும் எபாக்ஸியும் கொண்டு சிறு படகு செய்யும் முறை

முதல் முறையாகப் படகு செய்ய நினைப்பவர்களில் பலர் பெரிதாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். பாய்மரம், சின்னதாக ஓர் அறை, நாலு பேர் படுக்க இடம் என்று மனதில் படம் ஓடும். அப்படி ஆரம்பித்த படகுகள் கொட்டகையில் பாதியில் நின்றுபோவது சகஜம். திறமை போதாமல் நிற்பதில்லை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் உயரமும் கூடவே வளரும். படகு தாங்கும் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். பொருளும் உழைப்பும் அதன் பின்னாலேயே ஏறிக்கொண்டு போகும். அதனால் முதல் படகு 2.5 முதல் 3.5 மீட்டருக்குள் இருக்கட்டும். இரண்டு பேர் தூக்கக்கூடிய எடை, ஒருவர் துடுப்புப் போட்டு ஓட்டக்கூடிய அளவு. இதற்கு மேல் ஆசை இருந்தால் இரண்டாவது படகுக்கு எடுத்து வையுங்கள்.

இந்த அளவுக்குப் பொருத்தமான முறை, பிளைவுட் பலகைகளை வெட்டி, ஓரங்களைக் கம்பியால் தைத்து, எபாக்ஸி பசையாலும் கண்ணாடி இழைத் துணியாலும் மூட்டுகளை ஒட்டுவது. சுருக்கமாக, தைத்து ஒட்டும் முறை. 1962இல் பிரிட்டனில் பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் இருவரும் வடிவமைத்த 'மிரர்' என்ற 3.3 மீட்டர் பாய்மரப் படகுதான் இம்முறையை வீட்டுக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனது. அந்த ஒரு வடிவத்தில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட படகுகள் உருவாகியிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களில் நிறையப் பேர் அதற்குமுன் படகு செய்து பழகாதவர்கள்.

வரைபடத்தை வாங்குங்கள், ஆனால் கணக்கு தெரிந்திருக்கட்டும்

முதல் படகை நீங்களே வடிவமைக்க வேண்டாம். பலர் ஏற்கெனவே செய்து மிதக்கவிட்ட வடிவம் ஒன்றின் வரைபடத்தை வாங்குங்கள். மொத்தச் செலவில் அதன் பங்கு சிறியது. ஆனால் எந்த வரைபடம் உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்க்க இரண்டு மூன்று கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கணக்கு, படகு எவ்வளவு அமிழும் என்பது. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை 1000 கிலோ. கடல்நீர் சுமார் 1025 கிலோ. படகும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவோ, அத்தனை கிலோ நீரைப் படகு விலக்கும். தட்டையான அடிப்பாகம் 2.5 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் குறுகுவதைக் கழித்தால் நீரில் படும் பரப்பு தோராயமாக 1.6 சதுர மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வும் 16 கிலோவைத் தாங்கும். படகு 40 கிலோ, இரண்டு பேர் 140, சாமான்கள் 20. மொத்தம் 200 கிலோ. படகு 12 அல்லது 13 சென்டிமீட்டர் அமிழும். பக்கப் பலகையின் உயரம் 40 சென்டிமீட்டர் என்றால் நீர்மட்டத்துக்கு மேல் 27 மிஞ்சும். அமைதியான நீருக்கு இது போதும். அதே படகில் நாலு பேர் ஏறினால் என்ன ஆகும் என்று இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அகலம். படகு பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் தன்மை அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. அகலத்தைக் கால்பங்கு கூட்டினாலே அந்தத் தன்மை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். புதியவர்களுக்குத் தட்டை அடியுள்ள, கொஞ்சம் அகலமான படகு நல்லது என்பதற்கு இதுதான் காரணம். அலை அதிகமுள்ள இடத்தில் தட்டை அடி படார் படார் என்று அடிக்கும். அங்கே V வடிவ அடி தேவை. ஏரி, குளம், அமைதியான ஆறு என்றால் தட்டையே போதும். செய்வதும் எளிது.

மூன்றாவது வேகம். இம்மாதிரிப் படகு தன் நீளத்துக்கு ஏற்ற ஒரு வேகத்தைத் தாண்டத் திணறும். நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் வருவது அந்த வேகம், நாட் கணக்கில். 3 மீட்டருக்கு 4.2 நாட், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. துடுப்புப் படகுக்கு வடிவமைத்த அடிப்பாகத்தில் பெரிய எஞ்சினை மாட்டினால் வேகம் கூடாது. பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ஆபத்தும் கூட.

வரைபடம் கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். அட்டைத் துண்டுகளைப் பசைநாடாவால் ஒட்டினால் போதும். எந்தப் பலகை எங்கே வளைகிறது, எது முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் புரிந்துவிடும்.

பலகை

சிறு படகுக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அடிப்பாகத்துக்குச் சிலர் 9 போடுவார்கள், எடை கூடும். கடல்தர பிளைவுட்டுக்கு BS 1088 என்ற பிரிட்டிஷ் தரநிலை இருக்கிறது. சாதாரண நீர்தாங்கும் பிளைவுட்டுக்கும் இதற்கும் பசையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் உள் அடுக்குகளில். மலிவான பலகையின் நடு அடுக்குகளில் இடைவெளிகள் இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில் உடையும். உடையாவிட்டால் ஈரம் அங்கே போய்த் தங்கி உள்ளிருந்தே அழுகத் தொடங்கும்.

கடையில் பலகையின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். ஓட்டைகள், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, மேலடுக்கு காகிதம்போல் மெலிந்திருப்பது, இதில் எது இருந்தாலும் வேண்டாம். 6 மில்லிமீட்டரில் மூன்று அடுக்கைவிட ஐந்து அடுக்கு மேல். முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை வாங்கி வந்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, காயவிட்டு, மறுபடி கொதிக்கவையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது.

எடையும் முக்கியம். ஓகூமே போன்ற லேசான மரத்தில் செய்த 6 மில்லிமீட்டர் முழுத்தாள் 8 கிலோ அளவில் இருக்கும். மெராந்தி சில கிலோ கூடுதல். மெராந்தி ஈரத்தைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். ஓகூமே சீக்கிரம் அழுகக்கூடியது, ஆனால் நன்றாகப் பூசி மூடினால் நெடுநாள் உழைக்கும். படகைத் தலையில் தூக்கிப் போக வேண்டியவர் ஓகூமேயை எடுக்கலாம். வெளியிலேயே கிடக்கப்போகிற படகு என்றால் மெராந்தி.

விளிம்புச் சட்டம், இருக்கைத் தாங்கி இவற்றுக்குக் கணு இல்லாத, ரேகை நேராக ஓடுகிற, நன்கு காய்ந்த மரம் வேண்டும். தேக்கு அருமையான மரம்தான், ஆனால் அதிலுள்ள எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

எபாக்ஸி: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

மலிவாக இருக்கிறதே என்று பாலியெஸ்டர் ரெசினை வாங்குகிறவர்கள் உண்டு. முழுக்க ஃபைபரால் வார்க்கும் படகுக்கு அது சரி. மரத்தில் அது சரியாகப் பிடிக்காது. சில வருடங்களில் உரிந்து வரும். தைத்து ஒட்டும் படகைத் தாங்குவதே பசைதான், ஆகவே எபாக்ஸி கட்டாயம்.

எபாக்ஸியில் ரெசினும் அதை உறையவைக்கும் ஹார்டனரும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில்தான் கலக்க வேண்டும். 2:1, 3:1, 5:1 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம். பாலியெஸ்டரில் ஊக்கியைக் கூட்டிக் குறைத்து உறையும் வேகத்தை மாற்றலாம்; எபாக்ஸியில் அது நடக்காது. ஹார்டனரை அதிகம் ஊற்றினால் சீக்கிரம் உறையாது, ஒருபோதும் முழுதாக உறையாமல் ரப்பர்போல நின்றுவிடும். இன்னொன்று: கொள்ளளவில் சொன்ன விகிதமும் எடையில் சொன்ன விகிதமும் ஒன்றல்ல, இரண்டு திரவங்களின் அடர்த்தியும் வேறு. தராசு வைத்துக் கலப்பவர்கள் டப்பாவில் எடை விகிதம் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தடவைக்கு 150 முதல் 200 மில்லிலிட்டர் கலந்தால் போதும். எபாக்ஸி உறையும்போது சூடாகும். ஆழமான கப்பில் நிறையக் கலந்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து, கப்பே உருகும். அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெயில் காலத்தில் மெதுவாக உறையும் ஹார்டனரைக் கேட்டு வாங்குங்கள்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. ஆனால் உடம்பு ஒருமுறை ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் அப்புறம் எபாக்ஸி வாசம் பட்டாலே தோல் தடிக்கும், அது திரும்பிப் போகாது. கையில் பட்டதை அசிட்டோனால் கழுவுவது இன்னும் மோசம், அது எபாக்ஸியைத் தோலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். சோப்பும் நீரும்தான் வழி. தேய்க்கும்போது கிளம்பும் தூளுக்கு முகமூடி. முழுதாக உறையாத எபாக்ஸியின் தூள் மூச்சில் போவது குறிப்பாகக் கெடுதல்.

வெட்டுவது

முழுத்தாளின் நீளம் 2.44 மீட்டர். அதைவிட நீளமான படகுக்கு இரண்டு தாள்களை இணைக்க வேண்டும். இரண்டு ஓரங்களையும் 1:8 சரிவில் இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது ஒரு முறை. 6 மில்லிமீட்டர் பலகைக்குச் சரிவின் அகலம் 48 மில்லிமீட்டர். பிளைவுட்டின் அடுக்குகளே கோடுகளாகத் தெரிவதால், அவை நேராக ஓடினால் சரிவும் சரி. இது கஷ்டமாகத் தோன்றினால் ஓரத்தோடு ஓரம் வைத்து, உள்பக்கம் ஒரு பட்டைப் பலகையை ஒட்டிவிடலாம். பார்க்க அவ்வளவு அழகில்லை, வலிமையில் குறையில்லை.

வரைபடத்தில் உள்ள புள்ளிகளைப் பலகையில் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் சிறு ஆணி அடித்து, அவற்றையொட்டி ஒரு மெல்லிய ரீப்பரை வளைத்துக் கோடு போடுங்கள். குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து கோட்டின் நீளத்தில் பாருங்கள். எங்காவது புடைப்போ பள்ளமோ இருந்தால் அந்தப் புள்ளியைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். ரீப்பர் பொய் சொல்லாது.

கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே வெட்டி, இழைப்புளியால் கோடு வரை கொண்டுவாருங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒன்றாக இழையுங்கள். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அளவு துல்லியமாக இருப்பதைவிட முக்கியம். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி 3 மில்லிமீட்டர் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் படகு முறுகும்.

தைப்பது, நேர்ப்படுத்துவது

ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். வளைவு அதிகமுள்ள அணியத்தின், அதாவது முன்முனையின், பக்கம் இன்னும் நெருக்கமாக. ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பி அல்லது நைலான் கேபிள் டை போதும். முதலில் எல்லாவற்றையும் தளர்வாகக் கட்டி, வடிவம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் தரையில் கிடந்த பலகைகள் படகாக எழுந்து நிற்கும். வேலை பாதி முடிந்துவிட்டது என்று தோன்றும். கால்பங்குகூட முடியவில்லை.

இங்கே நிதானம் வேண்டும், பசை போட்ட பிறகு எதையும் திருத்த முடியாது. அணியத்தின் நுனியிலிருந்து அமரத்தின், அதாவது பின்பக்கத்தின், இரண்டு மூலைகளுக்கும் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு நேரான ரீப்பர்களைக் குறுக்கே வைத்து, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் படகில் முறுக்கு இல்லை. சரிந்து தெரிந்தால் ஒரு மூலைக்கு அடியில் ஆப்பு வைத்துத் திருப்புங்கள். முறுகிய படகு நேராக ஓடாது, வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகவே இழுக்கும்.

மூட்டுகள்

எபாக்ஸியில் மாவுப்பொருள் சேர்த்துக் கெட்டியாக்கித்தான் மூட்டுகளை நிரப்ப வேண்டும். எந்த மாவு என்பதைக் கவனியுங்கள். மெல்லிய மரத்தூளும் சிலிக்கா தூளும் வலிமையான மூட்டுக்கு. மைக்ரோபலூன் என்ற நுண்குமிழ்த் தூள் தேய்க்க எளிது, ஆனால் வலிமை இல்லை. வெளிப்பரப்பின் பள்ளங்களைச் சமப்படுத்த மட்டும்.

கலவை பற்பசை அளவுக்குக் கெட்டியாக வரட்டும். செங்குத்தாகப் பூசினால் வழியக் கூடாது. முதலில் கம்பிகளுக்கு இடையே மட்டும் புள்ளி புள்ளியாக வைத்து உறையவிடுங்கள். மறுநாள் கம்பிகளை உருவிவிடலாம். ஒட்டிக்கொண்ட கம்பியைச் சால்டரிங் இரும்பால் சூடாக்கி இழுத்தால் வந்துவிடும். பிறகு உள்மூலை முழுவதும் கலவையை நிரப்பி, 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டமான குச்சியால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். அது இறுகுவதற்குள், அன்றைக்கே, மேலே 75 மில்லிமீட்டர் கண்ணாடி இழை நாடாவை வைத்து எபாக்ஸியால் நனைத்துவிட்டால் இரண்டும் ஓருடலாகும். மறுநாளைக்கு விட்டால் மூலை முழுவதையும் தேய்க்க வேண்டிவரும், படகு வேலையிலேயே வெறுப்பான வேலை அது.

உள்ளே எல்லாம் உறைந்த பிறகு படகைக் கவிழ்த்து, வெளிமூலைகளை உருண்டையாக இழையுங்கள். கூர்மையான மூலையில் இழைத் துணி படியாது, தூக்கிக்கொண்டு அடியில் காற்று நிற்கும். மூலைக்கு நாடா, அப்புறம் அடிப்பாகம் முழுவதற்கும் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணி. நெய்யாமல் நறுக்கிய இழைகளால் ஆன பாய் வேண்டாம்; அதை இணைக்கும் பொருள் பாலியெஸ்டரில் கரைவதற்காகச் செய்தது. துணி சரியாக நனைந்தால் கண்ணாடிபோல் மரம் தெரியும். வெள்ளையாகத் தெரியும் இடம் காய்ந்த இடம். பளபளவென்று ரெசின் குளம்போல் நின்றால் துணி மிதக்கிறது. ரப்பர் தகட்டால் வழித்துவிடுங்கள். அதிக ரெசின் வலிமை தராது, எடைதான் தரும்.

வெறும் மரத்தில் முதல் பூச்சைக் காலையில் போடாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுவதும் குமிழ். மரம் குளிரத் தொடங்கும் மாலையில் பூசினால் காற்று உள்ளே சுருங்கும், எபாக்ஸியும் கூடவே உள்ளிறங்கும். அடுத்த பூச்சை முந்தையது இன்னும் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே போட்டால் தேய்க்க வேண்டாம். முழுதாக உறைந்துவிட்டால் மேலே மெழுகுபோல ஒரு படலம் வந்திருக்கலாம். முதலில் நீரால் கழுவி, அப்புறம் 80 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தையே மரத்தில் அழுத்தித் தேய்க்கிறீர்கள்.

ஈரம் நுழையும் இடங்கள்

பிளைவுட் படகு பரப்பின் நடுவில் அழுகுவது அரிது. ஓரங்களிலும் துளைகளிலும்தான் தொடங்கும். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சும் குழாய்களின் வாய். அங்கே மூன்று முறையாவது எபாக்ஸி பூசுங்கள். திருகு போடும் இடத்தில் நேரடியாகத் துளையிட்டு முறுக்காதீர்கள். தேவைக்குப் பெரிய துளை போட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, உறைந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். திருகு எபாக்ஸிக்குள் இருக்கும், மரத்தை நீர் தொடாது. திருகுகள் சிலிக்கான் வெண்கலம் அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ். பித்தளை உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து பொடியாகும்.

இருக்கைகளுக்கு அடியில் மூடிய காற்றறைகள் வையுங்கள். படகு நிரம்பினாலும் ஆளையும் தாங்கி மிதக்க அவைதான் காரணம். ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவுக்குக் கணக்கு. தரைப்பலகைக்குக் கீழே மட்டும் வைத்தால் நீர் நிரம்பிய படகு எளிதில் கவிழும். பக்கங்களிலும் இரு முனைகளிலும் இருப்பது நல்லது. ஒவ்வொரு அறைக்கும் திறக்கிற மூடி கட்டாயம்.

எபாக்ஸி வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. பெயின்ட்டோ புற ஊதாத் தடுப்பு உள்ள வார்னிஷோ மேலே இருந்தாக வேண்டும். வெளிர் நிறம் அவ்வளவாகச் சூடாகாது. சில ஒரே டப்பா எனாமல்கள் எபாக்ஸி மேல் காயாமல் பிசுபிசுத்து நிற்கும். மறைவான ஓரிடத்தில் பூசிப் பார்த்த பிறகு மீதியைப் பூசுங்கள்.

துடுப்பு

படகில் இவ்வளவு கவனம் எடுத்தவர்கள் துடுப்பில் கோட்டை விடுவார்கள். குட்டையான துடுப்பு நல்ல படகையும் கட்டையாக்கிவிடும். இரண்டு துடுப்புத் தாங்கிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதியை எடுத்து 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள்; துடுப்பின் உள்பகுதி அவ்வளவு. அதை 25ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் முழு நீளம். தாங்கிகள் 1.2 மீட்டர் இடைவெளியில் இருந்தால் துடுப்பு 2.3 மீட்டர் வரும். தாங்கி, இருக்கையின் பின்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் அமரத்தின் பக்கமாகவும், இருக்கை மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் மேலேயும் இருக்கட்டும். திருகி மாட்டும் முன் படகில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்.

நீரில் இறக்குவது

உங்கள் பகுதியில் சிறு படகுக்குப் பதிவோ அனுமதியோ வேண்டுமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். முதல் நாள் இடுப்பளவு நீர், காற்றில்லாத நேரம், உயிர்காப்பு உடை. முதலில் காலியாக மிதக்கவிட்டு நீர்க்கோட்டைப் பாருங்கள். பிறகு மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, வரைபடத்தில் சொன்ன அமிழ்வோடு ஒப்பிடுங்கள். மூட்டைகளை இறக்கிய பிறகு வேண்டுமென்றே படகில் நீரை நிரப்பி, ஓரத்தைப் பிடித்துத் தொங்குங்கள், ஏற முயலுங்கள், இறைத்துப் பாருங்கள். காற்றறை கசிகிறதா என்பது கரையோரத்தில் தெரிவதுதான் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் அறை மூடிகளைத் திறந்து வையுங்கள். படகைக் கவிழ்த்து, தரையில் படாமல் கட்டைமேல் ஏற்றி, அடியில் காற்றோட இடம் விடுங்கள். மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கும், ஓரங்கள் திறந்திருக்கட்டும். மரம் தெரியும் அளவுக்குக் கீறல் விழுந்தால் உடனே எபாக்ஸியால் மூடிவிடக் கை பரபரக்கும். முதலில் அந்த இடம் நன்றாகக் காயட்டும், அவசரமாக இருந்தால் ஹேர் டிரையர் வைத்து உலர்த்துங்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் அழுகல் பூச்சுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் பரவும்.